கோடைக்கால அடுப்பு: வீட்டுக்கு ஒரு கிரில் வாங்குவது எப்படி?

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை வந்தால் போதும், மிச்சிகனில் எங்கள் தெரு முழுக்கப் புகை மணக்க ஆரம்பித்துவிடும். ஆறு மாதம் பனியில் அடைந்து கிடந்தவர்கள் கொல்லைப்புறத்துக்கு அடுப்போடு வருகிற காலம் அது. வீடு வாங்கிய முதல் கோடையில் நானும் ஒரு கிரில் வாங்கினேன். எஞ்சினியரிங்கில் முதுகலை படித்தவன் என்ற மிதப்பில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரியது, ஆறு பர்னர், 60,000 பி.டி.யு. இரண்டு குளிர்காலம் தாங்கவில்லை, அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அதற்குள் என் இடது புருவத்தையும் ஒரு முறை பொசுக்கிவிட்டது. அந்தக் கதை பின்னால் வருகிறது. நீங்களாவது கேட்டுவிட்டு வாங்குங்கள் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் எல்லாவற்றையும் 'பார்பெக்யூ' என்கிறோம். டெக்சாஸ்காரரிடம் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்கு பார்பெக்யூ என்பது குறைந்த சூட்டில், விறகுப் புகையில், மணிக்கணக்கில் வேகும் இறைச்சி. அதிக சூட்டில் சில நிமிடங்களில் சுட்டு எடுப்பது கிரில்லிங். நம்மில் பெரும்பாலோர் செய்வது இரண்டாவதைத்தான்.

கரியா, காஸா?

கடைக்குப் போகுமுன் முடிவு செய்யவேண்டிய கேள்வி இது. 1920களில் ஃபோர்டு கம்பெனி, கார் செய்ததில் மிஞ்சிய மரத்துண்டுகளை வீணாக்காமல் இதே மிச்சிகனின் வடகோடியில் கரிக்கட்டிகளாக்கி விற்றது. இன்று கடைகளில் கிங்ஸ்ஃபோர்டு என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பது அந்தக் கரியின் வாரிசுதான். 1952ல் சிகாகோ பக்கத்தில் உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், மிதவை செய்யும் உலோக அரைக்கோளங்களைக் கொண்டு மூடிபோட்ட அடுப்பு ஒன்றைச் செய்தார். வெபர் கெட்டில் பிறந்தது இப்படித்தான். இன்றுவரை அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை.

கரி அடுப்பு விலை குறைவு. சூடு அதிகம், வாசனை அலாதி. ஆனால் தணல் தயாராக 20 நிமிடமாவது வேண்டும், சாம்பல் அள்ளவேண்டும். பற்றவைக்க எண்ணெய் ஊற்றாதீர்கள், சோளத்தில்கூட மண்ணெண்ணெய் வாடை வரும். சிம்னி எனப்படும் தகர உருளையில் கரியைப் போட்டு, அடியில் பழைய செய்தித்தாளைக் கொளுத்தினால் போதும்.

காஸ் அடுப்பு பத்து நிமிடத்தில் தயார். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து சமைப்பவர்களுக்கு இதுதான் சரி. வாரநாளிலும் பயன்படுத்துவேன் என்றால் காஸ், சனிக்கிழமை மட்டும்தான் என்றால் கரி. இது என் கட்சி. 1980களில் ஒரெகனில் டிரேகர் தொடங்கிவைத்த மரக்குச்சி அடுப்பு மூன்றாவது வகை. மின்விசிறியும் தெர்மோஸ்டாட்டும் அதன் தணலைப் பார்த்துக்கொள்ளும். மெதுவாகச் சமைக்க அருமை, சுரீரென்று சுடுவதற்குச் சுமார்தான்.

பி.டி.யு. மயக்கம்

கடைக்காரர் முதலில் சொல்லும் எண் இதுதான். பி.டி.யு. என்பது ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடேற்றத் தேவையான வெப்பம். அட்டையில் போட்டிருப்பது அந்த அடுப்பு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காஸ் தின்னும் என்பதைத்தான், உணவில் எவ்வளவு சூடு சேரும் என்பதை அல்ல. அந்த எண்ணைச் சமைக்கும் பரப்பால் வகுத்துப் பாருங்கள். சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 வந்தால் நல்லது. 450 சதுர அங்குலத்துக்கு 36,000 பி.டி.யு. என்றால் 80, அதுவே போதும். பரப்பைக் கணக்கிடும்போது மேலே இருக்கும் சூடுகாக்கும் தட்டைச் சேர்க்காதீர்கள். விளம்பரத்தில் அதையும் கூட்டித்தான் போடுவார்கள்.

20 பவுண்டு புரொபேன் சிலிண்டரில் ஏறத்தாழ 4.3 லட்சம் பி.டி.யு. இருக்கிறது. 30,000 பி.டி.யு. அடுப்பை முழுவேகத்தில் எரித்தால் சுமார் 14 மணி நேரம் வரும். என் 60,000 ராட்சசனுக்கு அதில் பாதிதான் வந்தது. மாற்றித் தரும் சிலிண்டர்களில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பியிருப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

எதைத் தொட்டுப் பார்க்கவேண்டும்?

மூடியைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்கவேண்டும். அடுப்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். 304 வகை துருப்பிடிக்கா எஃகில் காந்தம் அநேகமாக ஒட்டாது, மலிவான 430ல் நன்றாக ஒட்டும். பனியும் உப்பும் உள்ள ஊரில் இந்த வித்தியாசம் பெரியது. வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு நம்மூர் தோசைக்கல் மாதிரி, சூட்டைப் பிடித்துவைக்கும், எண்ணெய் தடவிப் பராமரிக்கவேண்டும். பக்கவாட்டில் ஒரு தனி பர்னர் இருந்தால் நம்மவர்கள் அவசியம் வாங்கலாம். மீன் வறுவலை வெளியே வைத்துக்கொண்டால் வீட்டுக் கார்ப்பெட்டில் மூன்று நாள் வாசம் இருக்காது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் வாங்குமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அமெரிக்காவில் பல ஊர்களின் தீயணைப்பு விதிகள் மர பால்கனியிலும், கட்டடத்திலிருந்து 10 அடிக்குள்ளும் கரி அடுப்பையும் பெரிய புரொபேன் சிலிண்டரையும் அனுமதிப்பதில்லை. மின்சார கிரில்தான் மாற்று. 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பில் அதிகபட்சம் 1,800 வாட், அதாவது சுமார் 6,100 பி.டி.யு. சிறியதாக வாங்கினால் பனீருக்கும் குடைமிளகாய்க்கும் தாராளம்.

புருவம் போன கதை

ஒரு நாள் மூடியைத் திறக்காமலே காஸைத் திருகினேன். பற்றவில்லை. மறுபடி திருகினேன். பிறகுதான் மூடியைத் தூக்கியபடி பொத்தானை அழுத்தினேன். புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், உள்ளேயே தேங்கி நின்றிருக்கிறது. 'புஸ்' என்றது. கண் பிழைத்தது புண்ணியம். ஆகவே மூடியைத் திறந்துவிட்டுத்தான் பற்றவைக்கவேண்டும். பற்றாவிட்டால் காஸை மூடி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறவுங்கள். சட்டென்று திறந்தால் ரெகுலேட்டர் கசிவு என்று நினைத்து காஸைக் குறைத்துவிடும், அடுப்பு 300 டிகிரியைத் தாண்டாது. பலர் அடுப்பு கெட்டுவிட்டதாக நினைப்பது இதனால்தான்.

மழை பெய்தாலும் கரி அடுப்பைக் கராஜுக்குள் கொண்டு போகாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும். கோழியின் உள்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடவேண்டும். பத்து டாலர் தெர்மாமீட்டர் கிரில்லைவிட முக்கியம். கம்பி பிரஷ்ஷில் உதிரும் இழை உணவோடு வயிற்றுக்குள் போய் ஆபத்தாகியிருக்கிறது. சுருட்டிய அலுமினியத் தாளே போதும்.

அம்மாவின் அடுப்பு

எந்த வழிகாட்டியிலும் இல்லாத ஒரு விஷயம் பாக்கி. மூன்றாவது கோடையில் அம்மா வந்திருந்தாள். நண்பர்கள் கூடிய விருந்தில் அவளுக்காகச் சோளமும் கத்தரிக்காயும் அலுமினியத் தாளில் சுற்றி ஓர் ஓரத்தில் வைத்திருந்தேன். "ஏண்டா, போன வாரம் இதுலதானே கோழி சுட்டே?" என்றாள். பிறகு, "எனக்குப் பசியில்லைடா" என்று உள்ளே போய்த் தயிர்சாதம் சாப்பிட்டாள். இருபது பேருக்குச் சமைத்த இடத்தில் பெற்றவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். 60,000 பி.டி.யு.வால் என்ன பயன்?

மறுநாளே 14 அங்குலத்தில் சின்னக் கரி அடுப்பு ஒன்று வாங்கி, காய்கறிக்கு மட்டும் என்று வைத்தேன். மூடியிலும் அடியிலும் உள்ள காற்றுத் துளைகளைத் திறந்தால் சூடு ஏறும், மூடினால் இறங்கும் என்று அம்மாவுக்கு விளக்கப்போனேன். "நம்மாத்து கும்மட்டி அடுப்புதாண்டா இது, எனக்குத் தெரியாதா?" என்று வாங்கிக்கொண்டாள். அன்று அவள் சுட்ட கத்தரிக்காயில் செய்த கொத்சுவை, கோழிக்கென்றே வருகிற நண்பர்கள் வழித்துச் சாப்பிட்டார்கள்.

ஆகவே, பணம் 500 டாலர் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் போடாதீர்கள். மூன்று பர்னரில் நல்ல காஸ் அடுப்பு ஒன்று, சின்னக் கரி அடுப்பு ஒன்று. உங்கள் வீட்டில் யார் யார் சாப்பிட உட்காருவார்கள் என்று எண்ணிவிட்டுக் கடைக்குப் போங்கள். மற்ற கணக்கெல்லாம் அதற்கப்புறம்தான்.