பெயரும் வழியும்



சில மாதங்களுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு சிறு நூலைக் கொண்டுவந்தான். "சேர், இதிலை உங்கடை விளக்கம் மாதிரியே இருக்குது" என்றான். புரட்டிப் பார்த்தேன். மாதிரி அன்று, என் விளக்கமேதான். வகுப்பிலே பல ஆண்டுகளாக நான் கொடுத்துவந்த நன்னூற் குறிப்புகளை யாரோ ஒருவர் தம் பெயரில் அச்சிட்டு விற்பனைக்கு விட்டிருந்தார். நான் விட்ட எழுத்துப்பிழைகள்கூட மாறவில்லை! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இத்தகைய களவை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்ற வினா மனத்தைக் குடைந்தது.

களவு பழையதுதான். பிறர் பாடலைத் தன் பாடலென்று சொல்பவனுக்குக் 'கள்ளக்கவி' என்று பாட்டியல் மரபு பெயரிட்டு வைத்திருக்கிறது. ஏட்டுச்சுவடிக் காலத்திலே பதிப்புரிமைச் சட்டம் ஏது? காவல் பாட்டுக்குள்ளேயே இருந்தது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதியிலே தம் பெயரையும் ஊரையும் பொறித்தார். காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களைக் கொண்டது. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும். இடையில் ஒன்றை உருவினாலும் புதிதாக ஒன்றைச் செருகினாலும் தொடர் அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். இவை களவைத் தடுப்பதற்கென்றே எழுந்தவை என்று நான் வாதிடவில்லை. ஆயினும் காவலாகவும் நின்றன என்பதை மறுக்க இயலாது.

அச்சியந்திரம் வந்தபின் இந்தக் காவல் போதவில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிரதிகளை எடுத்துவிடலாம் அல்லவா? இங்கிலாந்திலே, ஆக்கியோரின் சம்மதமின்றி நூல்கள் அச்சிடப்பட்டு அவர்களின் குடும்பங்கள் நலிவதைக் காரணங்காட்டி, 1710இல் ஆன் அரசியார் காலத்துச் சட்டம் பிறந்தது. புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை. அது முடியும்போது ஆக்கியோன் உயிருடன் இருந்தால் மேலும் 14 ஆண்டு. நமது நாட்டில் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டத்தை அடுத்து, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. இதன்படி ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் பொருளாதார உரிமை உண்டு. படைப்புத் தோன்றியதுமே உரிமையும் தோன்றிவிடும், பதிவு வேண்டியதில்லை. தன் படைப்பிலே தன் பெயர் இடம்பெற வேண்டுமென்று கேட்கும் உரிமையும் ஆக்கியோனுக்கு உண்டு.

இவற்றைப் படித்ததும் துணிவு பிறந்தது. முறைப்பாடு எழுதுவதற்காக என் பழைய கொப்பிகளை எடுத்துவைத்து, களவுபோன பகுதிகளைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டேன். புணரியலுக்கு வந்ததும் கை நின்றது. அங்கே நான் பெருமையோடு சொல்லிவரும் உவமை என்னுடையதன்று. எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் சொன்னது. அவர் இன்று இல்லை. என் கொப்பியின் எந்தப் பக்கத்திலும் அவர் பெயரும் இல்லை.

சட்டம் என்னைக் குற்றவாளி என்னாது. அது கருத்தைக் காப்பதில்லை. கருத்தை வெளியிட்ட வடிவத்தையே காக்கிறது. ஆனால், ஆண்டுதோறும் நான் கற்பிக்கும் நன்னூல் என்னை விடவில்லை. சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டியவை எட்டு என்கிறார் பவணந்தியார். முதலாவது, ஆக்கியோன் பெயர். அதற்கு அடுத்தது என்ன? வழி! அந்நூல் எதிலிருந்து வந்தது என்பது. தன் பெயரை எழுதியவன், அடுத்து யாரிடமிருந்து பெற்றான் என்பதையும் எழுதவேண்டும். கம்பர் பாடியதும் அவ்வாறே. வான்மீகியாரை முதல்வராகச் சொன்னதனால் அவர் புகழ் ஓர் அணுவும் குறையவில்லையே!

உரிமை என்பது ஒருபக்க வாசல் அன்று என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். 'என் பெயர் எங்கே?' என்று கேட்பவன், 'என் வழி இது' என்று சொல்லவும் கடமைப்பட்டவன். பெயரைக் காப்பது சட்டத்தின் வேலை. வழியைக் காப்பது நம்முடைய வேலை.

கொப்பியின் முதற்பக்கத்தைத் திருப்பி, வெற்றிடத்திலே என் ஆசிரியரின் பெயரை எழுதினேன். அதன் பிறகே முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன்.