கொல்லிமலையும் கம்பெனிக்கால ஓவியரும்

நாமக்கல் மாவட்டத்தின் கீழ்ப்புறத்தே நெடுமதிலென உயர்ந்து நிற்பது கொல்லிமலை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டுநிலம் அது. வல்வில் ஓரி ஆண்ட மலை; சங்கப் புலவர் பலர் பாடிய மலை. ஆயினும், தென்னகத்தின் மலைகளை மேலைநாட்டார்க்கு அறிமுகம் செய்த ஆங்கில ஓவியரின் புகழ்பெற்ற தொகுப்பில் இதற்கு இடமில்லை. கவிஞர் கண்ட மலையை ஓவியர் விட்டுச் சென்றது ஏன்? விடை கலையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மைசூர் வேங்கை திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. பிணையாக இளமைந்தர் அப்துல் காலிக், முயிஸ்ஸுத்தீன் இருவரையும் கார்ன்வாலிசிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பாராமகால், சேலம், திண்டுக்கல், மலபார்ப் பகுதிகள் கும்பெனியார் கைக்கு மாறின. சேலம் சீமையோடு கொல்லிமலையும் கைமாறியது.

அடுத்த மாதமே, 1792 ஏப்ரலில், சென்னையிலிருந்து இரு ஓவியர் புறப்பட்டனர். தாமஸ் டேனியலும், அவர்தம் உடன்பிறந்தார் மகனான வில்லியமும் ஆவர் அவர்கள். லென்ஸ் வழியே காட்சியைத் தாளில் விழச்செய்யும் பெட்டியொன்றின் துணையால் கண்டவற்றைப் பிழையின்றி வரைந்துகொண்டனர். தாயகம் திரும்பியபின், 1795 முதல் 1808 வரை, செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்து அச்சிட்டு வண்ணம் தீட்டிய 144 படங்களை வெளியிட்டனர். ராயக்கோட்டையும் வீரபத்திர துர்க்கமும் அவற்றுள் காணப்படுவன. தெற்கே பாபநாசத்து அருவியும் உண்டு.

இப்படங்களில் மலை இருக்கிறது. மலைமேல் கோட்டையும் இருக்கிறது. அக்கோட்டைகள் யாருடையவை? நேற்றுவரை ஒரு சுல்தானின் எல்லையைக் காத்தவை. ராயக்கோட்டை 1791-இல்தான் ஆங்கிலேயர் வசமாயிற்று. போர்ச் செய்திகளில் தாம் படித்த இடங்களைக் கண்ணாற் காண இலண்டன் மக்கள் ஆவல் கொண்டிருந்தனர். கார்ன்வாலிசின் படையோடு சென்ற ராபர்ட் ஹோம் 1794-இல் மைசூர்க் காட்சிகளை நூலாக்கினார். அம்மைந்தர் ஒப்படைக்கப்பட்ட காட்சியைப் பெரும் ஓவியமாகவும் தீட்டினார். ஒரு தந்தையின் துயரம் வெற்றியாளரின் சுவரில் அலங்காரமாயிற்று!

ஓவியரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்தம் கைத்திறன் வியந்து போற்றத்தக்கது. இன்று சிதைந்து கிடக்கும் பல கட்டடங்களின் பழைய தோற்றத்தை நாம் அறிவது அவர்களாலேதான். ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1802-இல் ஆமியன் உடன்படிக்கையால் பிரான்சுடன் போர் ஓய்ந்தது. அவ்வாண்டே ஆங்கில ஓவியர் டர்னர் முதன்முறையாக ஆல்ப்ஸ் மலையைக் காணச் சென்றார். வாள் உறைக்குள் புகுந்த பின்னரே தூரிகைக்கு வழி கிடைத்தது. ஆனால், ஆல்ப்ஸில் டர்னர் ஒரு பயணி. பாராமகாலில் டேனியல்களோ வென்றவரின் பாதையில் நடந்தவர்கள். இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

பின்னர் வந்த ஓவியரும் பாதையுள்ள மலைகளையே நாடினர். 1820-களில் ஆங்கிலேயர் உதகையில் குடியேறினர். 1837-இல் ரிச்சர்ட் பாரனின் நீலகிரிக் காட்சிகள் நூலாயின. 1874-இல் எட்வர்ட் லியரும் குன்னூர், உதகை சென்று வரைந்தார். சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் ஏற்காடு வளர்ந்தது. கொல்லிமலையோ மலைக்காய்ச்சலுக்கு அஞ்சப்பட்ட இடம். துரைமாரின் கோடை வாசத்தலமாக அது ஆகவில்லை. சாமையும் கேழ்வரகும் விளைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் இல்லமாகவே அது நிலைத்தது. அழகு குறைந்ததனால் அன்று, ஆட்சியின் கால் அங்குப் பதியாததனாலேயே அது புகழ்ச்சட்டத்தினுள் அடங்கவில்லை.

இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து குடும்பத்தோடு மேலேறலாம். மிளகுக்கொடி படர்ந்த மரங்களையும், காப்பித் தோட்டங்களையும், பலா மரங்களையும் காணலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், ஐயாற்று நீர் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஆகாயகங்கையாய் வீழ்வதைக் கண்டு மகிழலாம். டேனியல்கள் பாபநாசத்தில் தேடிய எழில் இங்கும் குறைவின்றி உண்டு.

நம் பிள்ளைகள் பழைய மலைப்படம் ஒன்றைப் பார்க்க நேரின், மலையின் எழிலோடு படத்தின் கீழே பொறித்த ஆண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். யார் வென்ற ஆண்டு அது, யார் இழந்த ஆண்டு அது என வினவச் சொல்லுங்கள். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானபோது, அவர்தம் மலைக்கோட்டைகளின் படங்கள் பல இன்னும் அச்சேறாதிருந்தன.