கோணிய சுவரும் டமஸ்கஸ் அறையும்

நிவித்திகலையில் நாங்கள் இருக்கும் வீட்டின் முன்னறையை வாப்பா தன் கையாலேயே கட்டினார். அவர் மேசன் அல்லர். என்னைப் போல ஆசிரியர். பாடசாலை விடுமுறைகளில் கபொக் கல்லை வரி வரியாக ஏற்றினார். மேட்டை வெட்டிச் சமப்படுத்திய நிலம் பிறகு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது.

அந்தச் சுவருக்குப் பலாப்பலகை அடிக்க அண்மையில் ஒரு தச்சு பாஸைக் கூப்பிட்டேன். குண்டுநூலைத் தொங்கவிட்டுப் பார்த்துச் சிரித்தார். சுவரின் நீளம் கூரையருகே பதினொரு அடி. தரையில் ஒன்றரை அங்குலம் குறைவு. யன்னலும் நடுவில் இல்லை. "இடித்துவிட்டு நேராகக் கட்டலாம் சேர்" என்றார் சிங்களத்தில். வாப்பா மௌத்தாகி வருடங்கள் பல போய்விட்டன. அவர் கை பட்டது என்று எஞ்சியிருப்பது அந்தச் சுவர்தான். இடிக்க வேண்டாம் என்றேன்.

பாஸ் வாசலில் போய் நின்றார். "உள்ளே வருகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்?"

"யன்னலை."

"அப்படியென்றால் யன்னல்தான் நடு."

யன்னலின் மத்தியில் நூல் பிடித்து, அங்கிருந்து இரு பக்கமும் ஒரே அகலப் பலகைகளை நிறுத்திக்கொண்டு போனார். மூலையில் மிஞ்சிய இடத்துக்கு ஒரு பலகையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, சுவரின் கோணலைப் பென்சிலால் அதன்மேல் இறக்கி, அந்தக் கோட்டிலேயே சீவினார். மூலையிலிருந்து தொடங்கியிருந்தால் முதற்பலகையின் சாய்வு கடைசிப் பலகைவரை தொற்றியிருக்கும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு படம் ஞாபகத்துக்கு வந்துகொண்டேயிருந்தது. ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில், நூலகத்திலிருந்த பழைய கலைநூல் ஒன்றில் பார்த்தது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையின் 'டமஸ்கஸ் அறை' அது. படத்தில் கண்ட ஒழுங்கு இன்று அங்கே இல்லை என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

ஹிஜ்ரி 1119, அதாவது கி.பி. 1707இல், உஸ்மானியர் ஆட்சிக்கால டமஸ்கஸில் ஒரு செல்வந்தர் வீட்டில் விருந்தினரை வரவேற்க அமைத்த அறை. சுவர்களை மூடி மரப்பலகைகள். அவற்றின்மேல் சாந்தைப் புடைப்பாக வைத்துப் பூவும் கொடியும் கனித்தட்டும் வரைந்து, வெள்ளீயத் தகடும் பொன் தகடும் ஒட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வர்ணம் பூசியிருக்கிறார்கள். 'அஜமி' என்பது இவ்வேலையின் பெயர். பலகைகளில் அரபுக் கவிதையும் ஓடுகிறது. தோட்டத்தைப் பாடித் தொடங்கி, நபி (ஸல்) அவர்களைப் புகழ்ந்து, வீட்டையும் பெயர் சொல்லப்படாத வீட்டுக்காரரையும் வாழ்த்தி, வாசலுக்கு மேலே ஆண்டைச் சொல்லி முடிகிறது.

ஆக, அந்த அறையில் எந்தப் பலகை எங்கே நிற்பது என்பதற்கு இரண்டு கட்டளைகள். கண்ணுக்குச் சமச்சீர் வேண்டும். நாவுக்கு அடிகளின் வரிசை வேண்டும். இரண்டும் மோதினால் எது விட்டுக்கொடுப்பது?

1930களில் அறை கழற்றப்பட்டுக் கடல் கடந்தது. 1970இல் கெவோர்க்கியன் நிதியத்தின் கொடையாக நூதனசாலைக்கு வந்து, அங்கிருந்த இடத்துக்கு ஏற்ப நிறுத்தப்பட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 2011இல் திறந்த புதிய கூடங்களுக்காக அதை மறுபடி ஆராய்ந்தபோது பலகைகள் இடம் மாறி நிற்பது தெரிந்தது. புத்தகத்தின் தாள்களை உயரம் பார்த்து அடுக்கியது போன்ற காரியம்! பழைய புகைப்படங்களும் மரத்திலிருந்த தடயங்களும் உதவின. கூடவே கவிதையும் வழி காட்டியது. எந்த அடிக்குப் பின் எந்த அடி என்று வாசித்துப் பலகைகளுக்கு இடம் கண்டார்கள். ஒரு கவிதை தச்சனுக்கு அளவுகோலான கதையை இலக்கியக்காரர்களாகிய நாம் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

கோணலைத் தீர்த்த இன்னொரு வித்தை கெய்ரோவில் இருக்கிறது. ஹிஜ்ரி 519இல் (கி.பி. 1125) பாத்திமியர் கட்டிய அல்அக்மர் பள்ளிவாசலின் முகப்பு தெருவோடு நேராக நிற்கிறது, உட்புறம் கிப்லாவோடு நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை முகப்புச் சுவரின் கனம் ஒரு பக்கம் தடித்து விழுங்கிக்கொண்டது. வெளியில் நிற்பவருக்கும் தெரியாது, உள்ளே தொழுபவருக்கும் தெரியாது. நம் ஊர்களில் வீடொன்றைத் தொழுமிடமாக்கினால் அவ்வளவு வசதி கிடையாது. ஸப்புக் கோட்டைத் தரையில் சரிவாகக் கீறிவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஹலப் அறையையும் சொல்லாமல் விட முடியாது. ஈசா இப்னு புத்ருஸ் என்ற கிறிஸ்தவ வணிகரின் வீட்டுக்கு 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த பலகைகள். மர்யமும் குழந்தை ஈசாவும் ஒரு புறம், லைலாவும் மஜ்னூனும் ஒரு புறம். அரபு முதுமொழியும் பாரசீகக் கவியும் கலந்த எழுத்து. 1912இல் பேர்லின் நூதனசாலைக்காக அதை வாங்கினார்கள். அந்த வீடு இருந்த ஜுதைதா பகுதி 2012 முதல் 2016 வரையான சண்டையில் பெரும் சேதம் கண்டது. காப்பாற்றினார்கள் என்பதா, கொண்டுபோனார்கள் என்பதா? எனக்கு இரண்டையும் சொல்லத் தோன்றுகிறது. பலகை பிழைத்தது. ஆனால் அது எந்தச் சுவரின் கோணலுக்கு இசைந்து நின்றதோ, அந்தச் சுவரோடு அதற்கு இனி உறவில்லை. நூதனசாலைச் சுவர்கள் நேரானவை.

எங்கள் முன்னறை மூலையில், மேலே மூன்றங்குலமும் கீழே ஒன்றரை அங்குலமுமாகச் சரிந்த பலகை ஒன்று நிற்கிறது. அதன் முன்னே வாப்பாவின் புத்தக அலுமாரியை வைத்திருக்கிறோம். பாஸ் போகும்போது அதை அவரே நகர்த்திப் பார்த்து, மறுபடி பழைய இடத்திலேயே தள்ளிவிட்டுப் போனார்.