வட துருவம்-1 மிதவை ஆய்வு நிலையம்

வட துருவம்-1 என்பது ஆர்க்டிக் பெருங்கடலில் மிதந்த பனிப்பாளம் ஒன்றின் மீது 1937-ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் அமைத்த அறிவியல் ஆய்வு நிலையமாகும். ஆர்க்டிக் கடற்பனியின் மீது மனிதர் தங்கி ஆய்வு செய்த மிதவை நிலையங்களுள் இதுவே முதலாவது. நான்கு பேர் 274 நாட்கள் இதில் வாழ்ந்து பணியாற்றினர்.

பின்னணி

தென் துருவத்தில் பனிக்கு அடியில் நிலம் உண்டு. வட துருவத்தில் இருப்பது கடல். அதன் மேல் உறைந்த பனி காற்றாலும் நீரோட்டத்தாலும் ஓயாது நகர்கிறது. 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கிய ஜெனெட் கப்பலின் பொருட்கள், 1884-இல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே கிடைத்தன. இதனால் தூண்டப்பட்ட நார்வே ஆய்வாளர் நான்சென், தம் பிராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். அக்கப்பல் 1893 முதல் 1896 வரை பனியுடன் மிதந்தது. காற்று வீசும் திசையிலிருந்து பனி சற்று வலப்புறம் விலகிச் செல்வது அப்போது தெரியவந்தது. ஆயினும் பிராம் துருவத்தைத் தொடவில்லை.

ஆய்வுப் பணி

1937 மே 21 அன்று ஓட்டோ ஷ்மித் தலைமையிலான விமானக் குழு துருவத்துக்கு அருகே பனியில் இறங்கியது. பனியின் தடிமன் ஏறத்தாழ 3 மீட்டர். ஜூன் 6 அன்று விமானங்கள் திரும்பின. நிலையத் தலைவர் பாபானின், வானொலி இயக்குநர் கிரென்கெல், கடலுயிரியலாளர் ஷிர்ஷோவ், வானிலையையும் புவிக்காந்தத்தையும் ஆராய்ந்த பியோதரோவ் ஆகியோர் அங்கேயே தங்கினர்.

கையால் சுழற்றும் உருளையில் கம்பியை இறக்கிக் கடலின் ஆழத்தை அளந்தனர். துருவத்தருகே அது சுமார் 4,290 மீட்டர். குளிர்ந்த மேல்நீருக்குக் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்பமான நீரடுக்கு இருப்பதைக் கண்டனர். உயிரற்றது எனக் கருதப்பட்ட துருவக் கடலில் மிதவை உயிரிகளும் கிடைத்தன.

பிளவும் மீட்பும்

பனிப்பாளம் தெற்கு நோக்கி 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்து கிரீன்லாந்துக் கடலை அடைந்தது. 1938 பிப்ரவரி 1 அன்று புயலில் அது பிளந்தது. குழுவினர் 300 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்ட துண்டில் சிக்கினர். மீட்புக்கு ஆயத்தமாகப் பறந்த வி-6 வான்கப்பல் பிப்ரவரி 6 அன்று மலையில் மோதியது; 13 பேர் இறந்தனர். பிப்ரவரி 19 அன்று தைமிர், மூர்மன் என்னும் கப்பல்கள் நால்வரையும் அவர்களின் குறிப்பேடுகளோடு மீட்டன.

பிந்தைய வரலாறு

1950-இல் இரண்டாவது நிலையம் அமைந்தது. 1991-இல் 31-ஆவது நிலையத்துடன் சோவியத் காலப் பணி நின்றது. 2003-இல் ரஷ்யா அதைத் மீண்டும் தொடங்கியது. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு, செயற்கைக்கோள் பதிவுகளில் மிகக் குறைந்த அளவுக்குச் சுருங்கியது. அவ்வாண்டு இறுதியில் அமைக்கப்பட்ட 40-ஆவது நிலையத்தை, பனி உடைந்ததால் 2013-இல் காலி செய்ய நேர்ந்தது. நிலையத்தைத் தாங்கும் உறுதியான பனிப்பாளங்கள் அரிதானதால், பனியில் உறைந்து மிதப்பதற்கென்றே தனிக் கப்பல் கட்டப்பட்டது. 41-ஆவது நிலையம் 2022-இல் அக்கப்பலைத் தளமாகக் கொண்டே இயங்கத் தொடங்கியது.