ஃபிரோபெல், ஃபிரீட்ரிக் (1782–1852)

கிண்டர்கார்டன் முறையைத் தோற்றுவித்த ஜெர்மானியக் கல்வியாளர். துரிங்கியா மலைப்பகுதியில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1797 முதல் இரண்டாண்டு வனத்துறைப் பயிற்சி, யேனாவில் பாதியில் நின்ற படிப்பு, 1805-இல் பிராங்க்பர்ட்டில் ஆசிரியப் பணி, பின்னர் பெர்லினில் படிகவியலாளர் வைஸிடம் உதவியாளர் வேலை என நீளும் இளமையைத் திசையறியா அலைச்சல் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் 1816-இல் அவர் தொடங்கி, மறு ஆண்டே கைல்ஹாவுக்கு மாற்றிய பள்ளியும், 1840-இல் கிண்டர்கார்டன் எனப் பெயர் பெற்ற அமைப்பும் அந்த அலைச்சலின் விளைச்சலே. அங்கே குழந்தைக்குத் தனக்கென ஒரு சிறு பாத்தி, பக்கத்திலேயே எல்லாருக்குமான பொதுப் பாத்தி; விதைப்பதும் நீரூற்றுவதும் களையெடுப்பதும் பிஞ்சுக் கைகளே. தானாக வளர்வதை இடைமறிக்காமல் பேணுவது வனம் காப்பவரின் தொழிற்பழக்கம்.

இவையெல்லாம் சுவிஸ் கல்வியாளர் பெஸ்டலோசியிடம் பெற்றவை என்பாருண்டு. 1808 முதல் 1810 வரை இவெர்டோனில் அவருடன் இருந்தது உண்மை. ஆனால் காட்டுப் பயிற்சி அதற்கும் முந்தியது. குழந்தைகளுக்கென அவர் வகுத்த நூற்பந்து, மரக்கோளம், கனசதுரம், உருளை ஆகிய விளையாட்டுப் பொருள்கள் மேசையோடு நின்றுவிடுபவை, அவற்றில் இயற்கை எங்கே என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. படிகத்தில் கண்ட அதே ஒழுங்கு செடியிலும் குழந்தையிலும் உண்டென அவர் நம்பினார். அந்த வடிவங்கள் அதற்கான அரிச்சுவடி. பின்வந்தோர் சிலர் அதை வெறும் பயிற்சியாக இறுக்கியது வேறு கதை. கிண்டர்கார்டன்களுக்கு 1851-இல் பிரஷ்யா நாத்திகக் குற்றச்சாட்டில் விதித்த தடை 1860-இல்தான் நீங்கியது.