முதல் நாளில் ஆறு பேர்

ஒரு மருத்துவ வரலாறு சொல்றேன். இதில் கிருமி, தடுப்பூசி எதுவும் கிடையாது. வில்லன் ஒரு லாகின் பக்கம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2013 அக்டோபர் 1. அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் இணையதளம் திறக்கப்பட்ட நாள். முதல் 24 மணி நேரத்தில் வந்தவர்கள் 47 லட்சம் பேர். அந்த முதல் நாளில் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து கடைசிப் படி வரை போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

ஆறு.

ஆறு லட்சமோ ஆறாயிரமோ இல்லைங்க. வெறும் ஆறு பேர்.

இதன் கனம் புரிய ஒரு விஷயம் தெரியணும். இங்கே நெஞ்சுவலின்னு வந்தா அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு உள்ளே வந்துடலாம். "காப்பீடு இருக்கா"ன்னு கேட்டுட்டு இ.சி.ஜி. எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அமெரிக்காவில் அன்று காப்பீடே இல்லாதவர்கள் சுமார் 4.8 கோடி பேர். தனியாக காப்பீடு வாங்கப் போனால், "உனக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கு, புற்றுநோய் வந்திருக்கு" என்று பல மாநிலங்களில் நிறுவனங்கள் மறுத்துவிட முடியும். யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் கதவு மூடியிருந்தது.

ஒபாமா அரசு 2010-ல் கொண்டுவந்த சட்டம் அதை மாற்றியது. 2014 ஜனவரி 1 முதல் பழைய நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்க முடியாது. வருமானம் குறைந்தவர்களுக்கு மானியமும் உண்டு. நாடாளுமன்றத்தில் போராட்டம், உச்ச நீதிமன்றத்தில் வழக்கு, எல்லாவற்றையும் தாண்டி வந்த சட்டம் அது. கடைசியில் அது வந்து மாட்டிக்கொண்ட இடம், "புதிய கணக்கு தொடங்குக" என்ற பொத்தான்.

என்ன ஆச்சு? ஒரு கடைக்குப் போறீங்க. புடவை விலையைப் பார்க்கணும். வாசலில் நிறுத்தி, "பெயர், முகவரி, ரகசியக் கேள்விக்குப் பதில் எல்லாம் எழுதிக் கொடு, நீ நீதானா என்று சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன்" என்றால் எப்படி இருக்கும்? ஹெல்த்கேர்.கவ் அதைத்தான் செய்தது. கணக்கு தொடங்காமல் விலை பார்க்கும் வசதி முதலில் திட்டத்தில் இருந்தது. திறப்புக்குச் சில வாரங்கள் முன்பு அதை நிறுத்திவிட்டார்கள். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர், அவசரமாக வாங்க வந்தவர், எல்லோரும் அந்த ஒரே வாசலில் குவிந்தார்கள்.

ஒரே நேரத்தில் 50,000, 60,000 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தது 2,50,000. ஆனால் கூட்டத்தை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. திறப்புக்குச் சில நாட்கள் முன்பு நடந்த சோதனையில் சில நூறு பேருக்கே தளம் படுத்துவிட்டது. அப்படியும் திறந்தார்கள்!

ரகசியக் கேள்விகளின் பட்டியல் திரையில் வரவே வராது. அது வராமல் அடுத்த பக்கம் போக முடியாது. அடையாளம் சரிபார்க்க, கடன் வரலாறு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் தகவலிலிருந்து கேள்வி கேட்டார்கள். கடனே வாங்காத ஆள் என்ன பதில் சொல்வார்? பெரும்பாலும் இளைஞர்களும் ஏழைகளும் அங்கே மாட்டினார்கள். திட்டமே அவர்களுக்காகத்தான்.

சரி, போன் பண்ணலாமே? அக்டோபர் 21 அன்று ஒபாமாவே வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று தொலைபேசி எண்ணைச் சொன்னார். காகித விண்ணப்பமும் இருந்தது. ஆனால் போனை எடுப்பவரும், காகிதத்தைப் பதிவு செய்பவரும் உட்கார்ந்திருந்தது அதே பழுதான கணினி அமைப்பின் முன்னால்தான். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. சர்வர் டவுன் ஆன நாளில் வார்டில் வேலை பார்த்த எந்த மருத்துவருக்கும், செவிலியருக்கும் இது புரியும்.

தட்டுத் தடுமாறிப் பதிவு முடித்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன தகவலில் மனைவி பிள்ளையாகப் பதிவானார், ஒரே ஆள் இரண்டு முறை வந்தார். காப்பீடு இருக்கு என்று நம்பி ஒருவர் ஜனவரியில் கீமோ எடுக்கப் போய் நின்றால்? அங்கே இது ஒரு கணினிப் பிரச்சினை மட்டும் இல்லை.

அக்டோபர் 30. சுகாதாரத் துறைச் செயலர் கேத்லீன் செபிலியஸ் நாடாளுமன்றக் குழுவின் முன் விளக்கம் கொடுக்கிறார். அதே நேரத்தில் தளம் செயலிழந்து கிடக்கிறது. தொலைக்காட்சியில் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் பிழைச் செய்தி. அந்த முதல் மாதத்தில் நாடு முழுக்க சேர்ந்தவர்கள் 1,06,185 பேர். அதில் ஹெல்த்கேர்.கவ் வழியாக வந்தவர்கள் 26,794 பேர் மட்டுமே. அரசின் உள்கணக்கில் இருந்த எதிர்பார்ப்பு ஏறக்குறைய 5 லட்சம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. மீட்க வந்த குழுவில் முக்கியமானவர் மைக்கி டிக்கர்சன், கூகுளில் தளங்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். குழு உள்ளே போய்ப் பார்த்ததும் அதிர்ந்தது. தளம் எந்த நேரத்தில் எப்படி இருக்கு என்று காட்டும் ஒரு கண்காணிப்புத் திரையே இல்லை. நோயாளி ஐசியூவில் கிடக்கிறார், மானிட்டர் கிடையாது, பிபி, பல்ஸ் யாரும் பார்க்கவில்லை, ஆனால் 55 ஒப்பந்த நிறுவனங்கள் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு மருந்து கொடுக்கின்றன. மொத்தத்துக்கும் யார் டியூட்டி டாக்டர் என்று கேட்டால் பதில் இல்லை.

முதலில் மானிட்டர் வைத்தார்கள். அப்புறம் தினமும் கூடிப் பேசினார்கள். டிக்கர்சன் அந்த அறைக்குப் போட்ட விதிகள் மூன்று. கூட்டம் பிரச்சினையைத் தீர்க்க, பழி போட இல்லை. பதவியில் பெரியவர் பேச வேண்டாம், விஷயம் தெரிந்தவர் பேசட்டும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் எது நம்மைக் கொல்லுமோ அதை மட்டும் இப்போது பார்ப்போம்.

மூன்றாவது விதி டிரையேஜ்தான். கேஷுவால்டியில் நாங்கள் தினமும் செய்வது. இரண்டாவது விதி இருக்கே... அதை எங்கள் இறப்பு ஆய்வுக் கூட்டங்களில் அமல்படுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். ஹவுஸ் சர்ஜனுக்கும் வாய் திறக்க வாய்ப்புக் கிடைக்கும். சரி விடுங்க.

அடிக்கடி கேட்கப்படும் தகவல்களைத் தயாராக எடுத்து வைப்பது, கூட்டம் கூடினால் காத்திருக்க ஒரு வரிசை, இப்படி எளிமையான வைத்தியம்தான் நடந்தது. நவம்பர் முடிவில் ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்கியது. 2014 ஏப்ரலில், நாடு முழுக்க சேர்ந்தவர்கள் எண்ணிக்கை 80 லட்சம் ஆனது. அதே மாதம் செபிலியஸ் பதவி விலகல் அறிவிப்பு வந்தது.

அந்த லாகின் அமைப்பு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கட்ட ஆன செலவு சுமார் 20 கோடி டாலர், பராமரிக்க ஆண்டுக்கு 7 கோடி. பிறகு ஒரு சிறு குழு உட்கார்ந்து புதிதாக எழுதிய லாகின் அமைப்புக்கு ஆன செலவு சுமார் 40 லட்சம் டாலர். விண்ணப்பத்தையும் மாற்றினார்கள்: பெரும்பாலானவர்களுக்கு 76 திரைகள் 16 ஆகச் சுருங்கின.

2014 நவம்பரில் இரண்டாவது ஆண்டுப் பதிவு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே, கணக்கு எதுவும் தொடங்காமல் திட்டங்களையும் விலையையும் பார்க்கும்படி தளத்தைத் திறந்துவிட்டார்கள்.