செக் என்ஜின் விளக்கு யாருக்காக எரிகிறது?

இன்றைய எபிசோட் ஒரு சின்ன மஞ்சள் விளக்கின் வரலாறு. கார் டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்டு எரியுமே, அந்த செக் என்ஜின் விளக்கு.

தன் காரைத் தானே பிரித்து ரிப்பேர் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். துருப்பிடித்து அசையாத போல்ட், கை நுழையாத இடுக்கு, ஒரே ஒரு வேலைக்காக வாங்க வேண்டிய ஸ்பானர் என்று அவர்களுக்கு ஆயிரம் புலம்பல் உண்டு. ஆனால் இந்த விளக்கு தருகிற எரிச்சல் வேற மாதிரி. அமெரிக்காவில் ஒருத்தர் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கிறார், பி0420 என்று ஒரு எரர் கோட் வருகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது சைலன்சருக்கு முன்னாடி இருந்து புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி, சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பல நூறு டாலர் கொடுத்துப் புது கன்வெர்ட்டர் மாட்டுகிறார். கொஞ்ச நாளில் அதே விளக்கு, அதே பி0420.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு எரர் மெசேஜ் உதவவில்லை என்றால் எனக்கு முதலில் வருகிற கேள்வி, இதை யார் படிப்பதற்காக எழுதினார்கள் என்பதுதான். அந்தக் கேள்வியை இந்த விளக்கிடம் கேட்டால், பதிலுக்கு 1943க்குப் போகணும்.

அந்த வருஷம் ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புகைமூட்டம் மூடியது. எல்லோருக்கும் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், ஜப்பான்தான் விஷவாயு விட்டுவிட்டதோ என்றுகூட ஜனங்கள் பயந்தார்கள். இந்தப் புகையின் வேதியியலைக் கண்டுபிடித்தவர் கால்டெக்கில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட். அதுவரை அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்! காரிலிருந்தும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்துதான் இந்த மூட்டம் உருவாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார்.

அங்கிருந்து வேகமாக 1970க்கு வருவோம். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், காரின் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் சில வருஷங்களுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கெடு தள்ளிப்போனாலும், 1975 மாடல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. பிறகு வந்த மூவழி கன்வெர்ட்டர்கள் ரொம்பக் கறாரானவை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று, கிட்டத்தட்ட அந்த விகிதத்திலேயே நின்றால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். சாதாரணக் கார்புரேட்டரால் அது முடியாது. அதனால் ஆக்சிஜன் சென்சாரும், அதைப் படித்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்ப்யூட்டரும் தேவைப்பட்டன. 1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்ப்யூட்டர் வைத்தது. அதோடு செக் என்ஜின் விளக்கும் வந்தது.

இந்த இடத்தில்தான் வீட்டு மெக்கானிக் முதல் அடி வாங்கினார். அதுவரை கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூடிரைவரால் திருகி, கலவையைச் சரிபண்ணிவிடலாம். 1980களின் தொடக்கத்தில் அந்த ஸ்க்ரூவை இரும்பு மூடி போட்டு அடைத்தே கார்களை விற்றார்கள். நீங்க திருகினால் புகை கூடிவிடும், அதனால் திருகவே விடக்கூடாது என்பது விதி.

ஸ்க்ரூ போய் கம்ப்யூட்டர் வந்தது சரி, அந்தக் கம்ப்யூட்டரிடம் எப்படிப் பேசுவது? அங்கே கம்பெனிக்கு ஒரு பாஷை. ஜெனரல் மோட்டார்ஸ் காரில் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற கனெக்டரின் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைக்க வேண்டும். விளக்கு மினுக்கும். ஒரு மினுக்கல், இடைவெளி, இரண்டு மினுக்கல் என்றால் கோட் 12. கிரைஸ்லர் காரில் சாவியை மூன்று தடவை ஆன் செய்து மினுக்கலை எண்ண வேண்டும். ஃபோர்டு காரில் வோல்ட்மீட்டர் முள் எத்தனை முறை ஆடுகிறது என்று பார்த்தவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வேறு கம்பெனி கார் வைத்திருந்தால் உங்க அனுபவம் அவருக்கு உதவாது.

இந்தக் குழப்பத்தை நிறுத்தியதும் அதே புகைச் சட்டம்தான். 1988 மாடலில் இருந்து காரே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று கலிஃபோர்னியா விதித்தது. அதுதான் ஓபிடி. 1990ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது அமெரிக்க நாடாளுமன்றம் இன்னும் மேலே போனது. புகை சம்பந்தமான சோதனைக்கு எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி கனெக்டர் வேண்டும். அதைப் படிக்க ரகசியக் குறியீடோ, கம்பெனி மட்டும் விற்கிற கருவியோ தேவைப்படக் கூடாது. 1996 மாடலில் இருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங் பக்கமாக அந்த 16 முனை கனெக்டர் வந்தது. ஓபிடி-2.

யோசிச்சுப் பாருங்க. ஸ்க்ரூவை மூடிய அதே சட்டம், கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டது. பின்னாடி கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ், வெவ்வேறு கம்பெனிகளின் சிக்னல் முறைகளை மொழிபெயர்க்கும் எல்ம்327 என்ற சிப்பை விற்றது. அதற்கு ஏகப்பட்ட நகல்கள் வந்து, இன்று மலிவு விலை புளூடூத் ஸ்கேனரும் ஒரு போனும் போதும் என்ற நிலை வந்திருக்கிறது.

அப்புறம் ஏன் இன்னும் எரிச்சல்? ஏனென்றால் அந்தக் கனெக்டர் பதில் சொல்வது புகையைக் கண்காணிக்கிற அரசின் கேள்விக்கு. அரசு கேட்பது, "இந்தக் கார் வரம்பை மீறி மாசு செய்கிறதா?" வீட்டு மெக்கானிக் கேட்பது, "எந்தப் பார்ட்டை மாற்றணும்?" இரண்டும் ஒரே கேள்வி கிடையாது. பொதுவாகப் புகை அனுமதித்த அளவைப்போல் 1.5 மடங்கைத் தாண்டக்கூடும் என்ற நிலையில் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் விதி.

மறுபடி பி0420ஐப் பாருங்க. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பதன் அளவு ஏறி இறங்கும், பின்னால் இருப்பது ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். பின்னாலும் அதே மாதிரி ஏறி இறங்கினால், கம்ப்யூட்டர் பி0420 போட்டுவிடும். காரணம் கன்வெர்ட்டராக இருக்கலாம். சென்சாராக இருக்கலாம். புகைக் குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்திருக்கலாம். சரியாகத் தீப்பிடிக்காத ஒரு சிலிண்டர் எரியாத பெட்ரோலை அனுப்பி, கன்வெர்ட்டரையே கெடுத்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கடைசிக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது கன்வெர்ட்டர் மாட்டினால் அதுவும் போகும். கோட் சொல்வது அறிகுறி. நம்மில் பலர் அதைத் தீர்ப்பாகப் படிக்கிறோம்.

இன்னொரு கொடுமை. ரிப்பேரை முடித்து, கோடை அழித்துவிட்டு, நேராகப் புகைப் பரிசோதனைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோடை அழிக்கும்போது காரின் சுயசோதனை முடிவுகளும் அழிந்துவிடும். பல விதமாக ஓட்டி, சோதனைகள் மறுபடி முடியும்வரை கார் "தயார்" ஆகாது. அரசின் கோணத்தில் இது நியாயம்தான், இல்லையென்றால் வாசலில் வைத்து அழித்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்களே!

1990 சட்டத்துக்கு இன்னொரு எல்லையும் இருந்தது. திறந்தது புகை சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும். ஏபிஎஸ், ஏர்பேக், கதவுப் பூட்டு எல்லாம் கம்பெனிகளின் சொந்தப் பாஷையிலேயே இருந்தன. 2012ல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள், ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வாக்களித்து அந்தத் தகவல்களையும் கேட்டார்கள். 2014ல் கார் கம்பெனிகள் நாடு முழுக்க அதற்கு ஒத்துக்கொண்டன. ஆனால் அதற்குள் கார்கள் தங்கள் விவரங்களை வயர்லெஸ்ஸில் நேராகக் கம்பெனிக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தன. 2020ல் அதே மாநிலம் மறுபடி வாக்களித்தது, சுமார் முக்கால்வாசிப் பேர் ஆதரவு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின.

இந்தியாவுக்கும் ஓபிடி மாசுக் கட்டுப்பாட்டின் வழியாகத்தான் வந்தது, பாரத் ஸ்டேஜ் விதிகளோடு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டின் மையம். அதற்கு மேல்முறையீடுகளும் நடந்தன. நம்ம ஊர் மெக்கானிக் ஷெட்டில் "இதுக்கு கம்பெனிக்குத்தான் போகணும் சார்" என்று கேட்டிருப்பீங்க இல்லையா, அதன் பின்னால் இருக்கிற சண்டை இதுதான்.

அந்த 16 முனை கனெக்டர் வீட்டு மெக்கானிக்குக்குக் கிடைத்தது, சுத்தமான காற்று கேட்டவர்களால். எலெக்ட்ரிக் காரில் புகைக் குழாயே கிடையாது, அதனால் புகையைக் காரணம் காட்டி அங்கே திறக்கச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. இனி காரைத் திறக்கும் உரிமையை ரிப்பேர் என்ற பெயரிலேயே நேராகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதுவரை, பி0420 வந்தால் கன்வெர்ட்டருக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் புகைக் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.